பச்சைமலைச் சரிவில் ஒரு சைக்கிள் தடம்

கேள்வி-பதில் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். லாடபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருந்தார். இந்தக் காலத்திலும் இன்லேண்டில் எழுத ஆள் இருக்கிறார்களே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

"ஐயா, எங்கள் காடு பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டவுன் பையன்கள் தடித்த டயர் சைக்கிளில் வந்து சரிவில் இறங்குகிறார்கள். அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடி வாய்க்கால் விழுகிறது. வேலி போட்டு அடைத்துவிடலாமா? இன்னொன்று. பச்சைமலையே ஒரு பழைய எரிமலைதான், உங்கள் ஊர்க் கரிசல் எரிமலைச் சாம்பல்தான் என்று அதில் ஒரு பையன் சொல்கிறான். உண்மையா?"

நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எரிமலைப் பாறை மேல் சைக்கிள் ஓடுகிற ஊரை நேரில் பார்த்தவன் நான். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு தடம் வாய்க்காலாகிப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. ஆசிரியரிடம் கேட்டேன், இடம் கொடுத்தார்.

என் தங்கை மகன் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். குரும்பலூரில் படித்த காலத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் போய்வருவான். இப்போது அவன் வைத்திருக்கும் சைக்கிளின் விலைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கிவிடலாம். சென்ற ஆண்டுக்கு முந்தைய கார்த்திகையில், நம் பக்கத்து விவசாயிகளை அழைத்துக்கொண்டு மகாராஷ்டிரத்தில் உள்ள ஹிவரே பஜாருக்குக் கண்டுணர்வுப் பயணம் போயிருந்தேன். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊர் அது. போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக வந்த பிறகு குன்றுகளைச் சுற்றிச் சமமட்டப் பள்ளம் வெட்டி, பெய்த மழையை அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஆட்கள் குன்றடியில் நின்று பள்ளங்களை விரல்விட்டு எண்ணினார்கள். அந்தக் குன்றுகளெல்லாம் உறைந்த எரிமலைக் குழம்பு என்று அங்கிருந்தவர்கள் சொன்னபோது, நான் உட்பட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரையும் ரயிலேற்றிவிட்டு இரண்டு நாள் தங்கை மகன் வீட்டில் தங்கினேன். இரவு சாப்பிடும்போது, "மாமா, நாளைக்கு எரிமலை மேல சைக்கிள் ஓட்டலாம் வாங்க" என்றான்.

"எரிமலையா? உங்க அத்தைகிட்ட சொல்லிட்டு வரலையேடா" என்றேன்.

"அது அணைஞ்சு ஆறு கோடி வருஷம் ஆச்சு மாமா, பயப்படாதீங்க."

விடியற்காலையில் கடக்வாஸ்லா அணையைத் தாண்டி சிங்ககட் கோட்டை அடிவாரத்துக்குப் போனோம். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம். பனி விலகியதும் எதிரே இருந்த மலையைப் பார்த்தேன். நம் பச்சைமலை போல உருண்டு திரண்டு இல்லை. தோசை மேல் தோசை அடுக்கியது போல, படி படியாக. ஒவ்வொரு படியும் செங்குத்தான கரும்பாறை, அதன் மேல் ஒரு புல் தளம், மறுபடி கரும்பாறை. இந்த வகைப் பாறைக்கு 'டெக்கான் டிராப்' என்று பெயர். டிராப் என்பது ஸ்வீடன் நாட்டு மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் அந்தப் பெயர்தான் தோன்றும்.

எரிமலை என்றதும் நமக்கெல்லாம் கூம்பு மாதிரி ஒரு மலையும் உச்சியில் புகையும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடந்தது வேறு. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தரை நீளநீளமாக வெடித்து, அந்த வெடிப்புகள் வழியாகக் குழம்பு பொங்கி வழிந்து பரவியிருக்கிறது. ஒரு தடவை அல்ல. பொங்கும், ஆறும், மறுபடி பொங்கும். இன்றைக்கும் மிச்சம் இருப்பது 5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. மலைப்பாதைக்காகப் பாறையை வெட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி ஒன்றைக் காட்டினான். கறுப்புப் பாறை இரண்டுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் இடைப்பட்ட காலத்தில் பாறை மக்கி உண்டான மண்ணும் விழுந்த சாம்பலும்தான் அது, மேலே வந்த குழம்பில் சுடப்பட்டு அப்படியே நின்றுவிட்டது என்கிறார்கள். முப்பது வருடமாக மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறவன் நான். சூளையில் வைத்தது போலச் சுட்ட மண்ணை மலைக்கு நடுவில் பார்த்ததும் கொஞ்ச நேரம் அங்கிருந்து நகரவில்லை. அவனுடைய நண்பர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு வாடகை சைக்கிள். முன்னால் ஷாக் அப்சார்பர், கியர், கை விரலளவு பூட்டு உள்ள டயர். தடம் ஒன்றரை அடி அகலம்தான். கீழே கிடந்த கருங்கல் துகள் மேல் சக்கரம் ஏறினால் கேழ்வரகு கொட்டிய தரையில் கால் வைத்த மாதிரி வழுக்குகிறது. முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பிடித்தேன். ஒரு முள்புதர் என்னைத் தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். நடந்ததால்தான் தடத்தைக் கவனிக்க முடிந்தது.

அந்தத் தடம் எங்குமே நேராக இறங்கவில்லை. சரிவின் இடுப்பைச் சுற்றியே போய், ஒரு பாறை ஓரத்தில் திரும்பி, மறுபடி எதிர்த்திசையில் இடுப்பைச் சுற்றுகிறது. இருபது முப்பதடிக்கு ஒரு தரம் தடமே லேசாகத் தாழ்ந்து பிறகு ஒரு சின்ன மேடு ஏறுகிறது. அந்தத் தாழ்வில் வெளிப்பக்க ஓரத்தைத் தட்டிவிட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் தடத்தோடு ஓடிக்கொண்டே வராமல் அங்கங்கே வெளியே இறங்கிப் புல்லுக்குள் போய்விடும். நம் ஊரில் இதைக் குறுக்கு வடிகால் என்போம்.

"இது யார் போட்டது? இன்ஜினியரா?" என்று கேட்டேன்.

குழுவில் மூத்தவர் ஒரு மராட்டியர். தங்கை மகன் மொழிபெயர்த்தான். பாதித் தடம் ஆடு மாடு போன பழைய தடமாம். மீதியைச் சைக்கிள்காரர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து சரி செய்கிறார்களாம். உலகம் முழுக்க மலைச் சைக்கிள்காரர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று, தடத்தின் சாய்வு அந்த மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 100 மீட்டருக்கு 16 மீட்டர் இறங்கினால் தடம் 8 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் தடத்தையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். இரண்டு, மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தடம் சராசரியாக 100-க்கு 10-ஐத் தாண்ட வேண்டாம்.

கல்லூரியில் மண் அரிமானப் பாடத்தில் சரிவு, நீளம் என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். இதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலத்தில் மண் தடத்தில் ஏறுவதில்லை. அந்த மலையின் அடிவாரமெல்லாம் கரிசல். ஈரத்தில் ஒரு சைக்கிள் போனால் பள்ளமாக ஒரு கோடு விழும், காய்ந்ததும் அது அப்படியே இறுகிவிடும். அடுத்த மழைக்குத் தண்ணீருக்குப் போட்டுக்கொடுத்த வாய்க்கால் அதுதான்.

அவர்கள் இதில் இத்தனை கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதே புனே மாவட்டத்தில் மாலின் என்ற மலைக்கிராமம். 2014 ஜூலை 30 அன்று விடியற்காலையில், பெருமழையில் ஊருக்கு மேலே இருந்த சரிவு மொத்தமாக வழுக்கி வீடுகள் மேல் இறங்கியது. 150 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மலையை வெட்டிச் சமன் செய்தது காரணமா, மழை மட்டும்தான் காரணமா என்று இரண்டு விதமாகவும் பேசினார்கள். அதைச் சைக்கிள் தடத்தோடு முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் எரிமலைப் பாறை இரும்பு மாதிரி இருந்தாலும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண் தண்ணீரோடு சேர்ந்தால் எங்கேயும் நிற்காது என்பதை அந்தப் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

கோட்டை மேல் ஒரு அம்மா விறகடுப்பில் சோள ரொட்டி தட்டிக் கொடுத்தார். சட்டியில் உறைந்த தயிர். சாப்பிட்டுக்கொண்டே தங்கை மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் மேகத்துக்குள்ளிருந்து கிளம்பிக் கடலை நோக்கிப் பாய்கின்றன.

"இது நம்ம ஆளுங்க ஊரு மாமா" என்றான்.

ரீயூனியன் தீவு. இந்தியப் பெருங்கடலில், மொரீசியஸ் பக்கத்தில், பிரான்சு நாட்டின் பகுதியாக இருக்கிறது. மொத்தத் தீவும் எரிமலை பெற்றதுதான். உயரமான சிகரம் 3,070 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டாவை விட 400 மீட்டருக்கு மேல் அதிகம். அது அணைந்துவிட்டது. இன்னொரு எரிமலை 2,600 மீட்டர் உயரத்தில் இன்றும் அடிக்கடி குழம்பு கக்குகிறது. 2007-இல் பொங்கியபோது கடலோர நெடுஞ்சாலையையே மூடிவிட்டது. 1848-இல் அங்கே அடிமை முறையை ஒழித்தபிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தமிழ் மறந்துவிட்டது. ஆனால் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள்.

மைடோ என்ற மலைமுகடு 2,200 மீட்டர் அளவு. அங்கிருந்து கடற்கரை வரை இறங்குவதுதான் அந்தப் போட்டி. மேலே ஜெரேனியம் செடி வளர்த்து எண்ணெய் வடிக்கும் விவசாயிகள், கீழே கரும்பு. எனக்குப் போட்டியைவிட வேறு இரண்டு விஷயம் பிடித்தது. ஒன்று மழை. அந்தத் தீவில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலக சாதனை அது. நம் பெரம்பலூர் மாவட்டத்தில் ஆண்டுச் சராசரி 900-ஐ எட்டாது. நமக்கு இரண்டு வருடம் பெய்வது அங்கே ஒரு நாளில் கொட்டியிருக்கிறது. இரண்டாவது, அந்தத் தீவிலிருந்து வாசனைத் தைலத்துக்கு ஏற்றுமதி ஆன சரக்குகளில் ஒன்று வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வெட்டிவே' என்று நம் தமிழ்ப் பெயரிலேயேதான் அழைக்கிறார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த வெட்டிவேரை மிஞ்சிய புல் இல்லை என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது வாசகர்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டு, "புல்லைப் போட்டு நிலத்தை வீணாக்கச் சொல்றீங்களே சார்" என்று எழுந்து போவதும் எனக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

முதலில் எரிமலைக் கேள்வி. பச்சைமலை எரிமலை இல்லை. நம் மலைகளில் இருப்பது பூமிக்கு அடியில் பல மைல் ஆழத்தில் வெந்து அழுந்தி, பிறகு மேலே வந்த மிகப் பழைய பாறை. சார்னோகைட் என்பது அதில் ஒரு வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள், அந்தக் கல்லுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. நம் கரிசலும் சாம்பல் இல்லை. மகாராஷ்டிரக் கரிசல் எரிமலைப் பாறை மக்கி வந்தது உண்மை. நம் மாவட்டத்தின் கிழக்கே காரை, குளக்காநத்தம் பக்கம் கிடப்பது பழைய கடலடிக் களிமண். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரம் அந்தக் கடல் காலத்துச் சாட்சி. குரும்பலூர்ப் பக்கமோ பாறையில் இருந்த சுண்ணாம்புச் சத்து தாழ்வான இடங்களில் சேர்ந்து கரிசலானது. உழும்போது கொழுவில் இடறும் சுக்காங்கல்லை எடுத்துப் பாருங்கள், அந்தச் சுண்ணாம்புதான். மண் பிறந்த வழி வேறு என்றாலும் குணம் ஒன்றுதான். இங்கேயும் அங்கேயும் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், சக்கரத்தில் அப்பும். அந்தப் பையன் குழம்பியது இதனால்தான் இருக்கும்.

இந்த ஆண்டு பொங்கலுக்குத் தங்கை மகன் வந்தபோது சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ரயிலில் கொண்டுவந்துவிட்டான். பச்சைமலையில் ஓட்ட வேண்டுமாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, ஊர்ப்பாதையோடு நில் என்று சொல்லி நானே கூடப் போனேன். துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி வரை ஜீப். அவன் கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளிலேயே மிதித்து ஏறினான். மேலே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் போல இருந்தது.

மேலே மரவள்ளிக் காடுகள். சாமை அறுத்துவிட்ட தாள், முந்திரி, அங்கங்கே பலா. மரவள்ளியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் பணப்பயிர், மலைவாழ் மக்களுக்கு அதுதான் ரொக்கம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் நட்டு முதல் மூன்று மாதம் மண் வெறுமையாகக் கிடக்கும். அறுவடையிலோ மண்ணைத் தோண்டிப் புரட்டித்தான் கிழங்கை எடுக்க வேண்டும். சரிவில் மண்ணைக் கீழே அனுப்ப இதைவிட வசதியான பயிர் கிடையாது. சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்து, இடையில் தட்டைப்பயறோ உளுந்தோ ஓட்டிவிட்டால் பாதி சேதம் குறையும்.

ஒரு மரவள்ளிக் காட்டோரம் ஒற்றையடிப் பாதை இறங்கியது. மலையாளி இனத்துப் பெரியவர் ஒருவர் தலைச்சுமையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். பாதை நாகப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வந்தது. நான் மனக்கணக்காய் அளந்தேன். 100-க்கு 9 அல்லது 10. புனேக்காரர்கள் சொன்னது அச்சு அசலாக அதே.

"ஏன் ஐயா இப்படிச் சுத்தி வருது? நேரா இறங்கினா பக்கம்தானே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

சுமையை இறக்காமலே சொன்னார்: "நேரா போனா நமக்கு முட்டி போயிடும் சார். மழ வந்தா பாதையும் போயிடும்."

தங்கை மகன் அந்தப் பாதையில் சைக்கிளை மெல்ல விட்டுக்கொண்டு போனான். பெரியவர் திரும்பி நின்று, சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதைச் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

மறுநாள்தான் விஷயம். எங்கள் சித்தப்பா மகனுக்கு மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி இருக்கிறது. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் காட்டைப் பார்க்கப் போனோம். தங்கை மகன் மேட்டில் ஏறி, அங்கிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு பள்ளத்துக்குள் சைக்கிளை விட்டான். பள்ளத்துக்குள் தாவி, இந்தக் கரையில் ஏறி, அந்தக் கரையில் விழுந்து, கீழே வந்து நின்றான். முகமெல்லாம் புழுதியும் சிரிப்பும்.

"மாமா, சூப்பர் டிராக்! காசு கொடுத்தாலும் இப்படி ஒண்ணு அமையாது. யாரு போட்டது?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போட்டது நான்தான். 2005-இல், கையில் பட்டமும் வாயில் ஆலோசனையுமாகத் திரிந்த வயது. மேட்டுக்காட்டுக் கடலையைத் தலையில் சுமக்கிறீர்களே, டிராக்டர் ஏற நேராக ஒரு பாதை வெட்டுங்கள், 100 மீட்டர்தானே என்று சொன்னேன். இரண்டே நாளில் வெட்டிவிட்டார்கள். அந்த ஐப்பசி கார்த்திகையில் மழை யாரும் எதிர்பாராத அளவு கொட்டியது. டயர் தடம் இரண்டும் இரண்டு வாய்க்கால் ஆயின. அடுத்த வருடம் இரண்டும் சேர்ந்து ஒன்றாயின. கீழே இருந்த கிணற்றில் வண்டல் இறங்கியது. டிராக்டர் ஏற முடியாமல் போய் மறுபடி தலைச்சுமை வந்தது. இருபது வருடத்தில் அண்ணன் ஒரு தடவைகூட அதை என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. நானும் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு டேப் பிடித்து அளந்தேன். நீளம் 100 மீட்டர், சராசரி அகலம் 1 மீட்டர், ஆழம் அரை மீட்டர். 50 கன மீட்டர். மணல் கணக்கில் சொன்னால் 17 யூனிட்டுக்கு மேல். 17 டிராக்டர் டிப்பர் மேல்மண் என் ஒரு வார்த்தையில் போயிருக்கிறது.

கோடையில் வேலையை ஆரம்பித்தோம். அந்தச் சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்குகிறது. 8 மீட்டர் சாய்வில் பாதை போட வேண்டுமானால் 250 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் இரண்டு வளைவு. இரண்டரை மீட்டர் அகலத்துக்கு 15 சென்ட் நிலம் போகும். பழைய பாதை 6 சென்ட்தான். "ஒன்பது சென்ட் கூடக் கேக்கிறியேடா" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். பாதையின் வெளி ஓரத்தில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் வைத்தால் ஆட்டுக்குத் தீவனம் ஆகும் என்று அண்ணிதான் முடித்துவைத்தார். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலிலேயே மட்டம் பார்த்துவிட்டோம். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இருபது அடிக்கு ஒரு குறுக்கு வடிகால்.

பழைய பள்ளத்துக்குள் கல் தடுப்பு. கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் காலும் ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்பது விதி. அரை மீட்டர் உயரத் தடுப்பு என்றால் இரண்டரை மீட்டருக்கு ஒன்று, ஆக 40. 22 கட்டியதும் கல்லும் தீர்ந்தது, ஆளும் ஓய்ந்தார்கள். மிச்ச இடத்தில் வெட்டிவேர் நாற்றை நெருக்கி வைத்தோம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். பாதை நின்றுவிட்டது. ஒரு வளைவில் மட்டும் உள்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. தடுப்புகளில் மூன்று போய்விட்டன. தடுப்பின் இரண்டு கைகளும் கரைக்குள் ஒரு அடி புதைய வேண்டும். அந்த மூன்றில் அவசரத்தில் புதைக்காமல் விட்டிருந்தோம். தண்ணீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மற்றவற்றின் முதுகில் ஒரு சாண் அளவுக்கு வண்டல் நிற்கிறது. அதில் அண்ணி பூசணி விதை ஊன்றியிருக்கிறார்.

லாடபுரம் வாசகருக்கு: வேலி போட்டால் பையன்கள் நிற்பார்கள், தண்ணீர் நிற்காது. ஏற்கெனவே விழுந்த தடத்தை முதலில் கவனியுங்கள். வாய்க்கால் ஒரு அடி ஆழத்தைத் தாண்டவில்லை என்றால், பத்தடிக்கு ஒரு கல் வரிசை போட்டுக் குறுக்கே தண்ணீரைத் திருப்பிவிட்டாலே போதும். பையன்கள் வந்தால் விரட்டாமல் உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் வரப்போரமாகச் சரிவைச் சுற்றி ஒரு தடம் காட்டுங்கள். அதை அவர்களே மண்வெட்டி எடுத்துச் சரி செய்யட்டும், புனேயில் செய்கிறார்கள். எங்கள் அண்ணன் காட்டில் இப்போது ஒரே ஒரு விதிதான். செருப்பில் மண் அப்பினால் அன்றைக்குச் சைக்கிள் ஏறக் கூடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அநேகமாக எல்லா நாளும் அப்பும். மற்றபடி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கிணற்றுத் தண்ணீரும் கொடுக்கிறார். உங்கள் தடம் காப்புக்காட்டுக்குள் போகிறதென்றால் மட்டும் வனத்துறையிடம் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். அடுத்த பொங்கலுக்கு நண்பர்கள் நாலு பேரையும் கூட்டிவருகிறானாம்.

"மாமா, அந்தப் பள்ளம் இருக்குல்ல?"

"மூடிட்டோம்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பாதையைச் சுத்திப் போட்டீங்கல்ல, வளைவு எத்தனை?" என்றான்.

"ரெண்டு."

"ரெண்டுதானா?" என்றான். அவனுக்கு அது போதவில்லை.